அடிவாரம் வரை சைக்கிள், அப்புறம் கடப்பாரை: பர்வதமலைக் கேள்விகள்

திருவண்ணாமலையிலிருந்து விடியும் முன் சைக்கிளில் கிளம்பி, சுமார் 30 கிலோமீட்டர் மிதித்து பர்வதமலை அடிவாரமான தென்மாதிமங்கலம். அங்கிருந்து தனியாக மலை ஏறி, இருட்டுவதற்குள் வீடு. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் இந்தத் திட்டத்தோடுதான்.

'டபுள் சஸ்பென்ஷன்' கியர் சைக்கிள் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (செய்யாறு)

வேண்டாம். அந்த விலையில் பின்னால் இருப்பது வெறும் ஸ்பிரிங். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும், எடையும் கூடும். மலை ஏறப்போவது நீங்கள்தானே, சைக்கிள் இல்லையே! தார்ச்சாலைக்கு சஸ்பென்ஷன் இல்லாத ஹைபிரிட் வகை சைக்கிள், 35 மில்லிமீட்டர் டயர் போதும். வால்வைப் பார்த்து வாங்குங்கள். பைக்கில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று ஏறும். ஒல்லியான பிரஸ்டா என்றால் சுண்டுவிரல் நுனியளவு பித்தளை அடாப்டர் உங்கள் பையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் கையை விரிப்பார்.

சைக்கிள் ஹெல்மெட்டையே மலையிலும் போடலாமா? (ஆரணி)

வெறுந்தலைக்கு அது மேல். ஆனால் அது நீங்கள் விழுவதற்காகச் செய்தது. மேலிருந்து உருளும் கல்லுக்கு இ.என். 12492 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ள மலையேற்ற ஹெல்மெட் வேண்டும்.

தனியாகப் போகிறேன். கயிறு எத்தனை மீட்டர் வாங்கலாம்? (போளூர்)

ஒரு மீட்டர்கூட வேண்டாம். மறுமுனையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? அந்தக் காசில் கையுறை வாங்குங்கள். கடப்பாரை நெட்டு என்கிற செங்குத்து ஏற்றத்தில் பாறையில் அறைந்த இரும்பையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். வெயில் ஏறினால் இரும்பு சுடும். ஹார்டுவேர் கடையில் உள்ளங்கைப் பக்கம் ரப்பரில் தோய்த்த பின்னல் கையுறை சொற்ப விலைக்குக் கிடைக்கும், அதுவே நன்றாகப் பிடிக்கும். ஜெல் வைத்த சைக்கிள் கையுறை இங்கே உதவாது. ஜெல் திண்டு நடுவில் நின்றுகொண்டு கம்பியை இறுகப் பிடிக்கவிடாது.

60 சதவீதத் தள்ளுபடியில் 3,200 ரூபாய்க்கு ட்ரெக்கிங் ஷூ வாங்கினேன். முதல் ஏற்றத்திலேயே அடிப்பாகம் கழன்று வந்துவிட்டது. "தண்ணீரில் போட்டிருப்பீர்கள், விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். (வேலூர்)

தவறு உங்களுடையது இல்லை. இந்த மாதிரி ஷூ பலவற்றில் அடி ரப்பருக்கும் மேல்தோலுக்கும் நடுவில் பாலியூரிதேன் நுரை இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் காற்றின் ஈரம் அதை அரிக்கும். பெட்டியிலேயே பல வருடம் தூங்கிய ஜோடியில் ரப்பர் புத்தம் புதிதாகத் தெரியும், நுரை செத்திருக்கும். மலையில் பாதம் மடங்கும் இடத்தில் காய்ந்த அதிரசம் போலப் பொடியும். 'பாதி விலை' பலகையின் கீழே இருப்பதில் பெரும்பாலும் இந்தச் சரக்குதான் என்பது என் நெடுநாள் ஆத்திரம். என் அலமாரியிலும் அப்படி ஒரு ஜோடி கிடக்கிறது. பெட்டியில் அச்சிட்ட உற்பத்தி மாதம், வருடத்தைப் படியுங்கள். மூன்று வருடம் தாண்டியிருந்தால் நுரையை நகத்தால் அழுத்துங்கள்; குழி அப்படியே நின்றாலோ விரிசல் ஓடினாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

கடைப் பலகையில் எழுதியிருப்பது சட்டமாகிவிடாது. பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. லேபிளையும் பிய்ந்த அடியையும் படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. விடாதீர்கள்.

ஹெட்லைட் பேட்டரியில் 9,900 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரம்கூட எரியவில்லை. பில் வாங்கவில்லை. (செங்கம்)

இந்த லைட்டுகளில் போடும் 18650 என்ற உருளை அளவில் நல்ல செல்லே 3,500 எம்.ஏ.எச். பக்கம்தான். எண்ணையும் பார்க்கவில்லை, பில்லும் கேட்கவில்லை. நான் என்ன செய்ய? யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால், வாங்கியதற்குச் சான்றாக அந்த விவரத்தையாவது தேடி எடுங்கள்.

150 ரூபாய் கேபிள் பூட்டு போதுமா? (திருவண்ணாமலை)

கட்டிங் பிளேயர் இல்லாத ஊர் என்றால் போதும். யு பூட்டு வாங்கி, முன்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுங்கள். கையாலேயே கழற்றக்கூடிய க்விக் ரிலீஸ் சக்கரம் என்றால் திருடனுக்குச் சாவியே வேண்டாம்.