நாஸ் பள்ளத்தாக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வான்கூவருக்கு அருகே சர்ரேயில் வசிக்கிறேன். கனடாவின் தொல்குடிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், வடமேற்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் நாஸ் பள்ளத்தாக்கில் வாழும் நிஸ்கா மக்கள் 2000ஆம் ஆண்டு பெற்ற நில, தன்னாட்சி ஒப்பந்தத்தை ‘மகத்தான வெற்றி’ என்று சொல்லியிருந்தீர்கள். பிப்ரவரியில் இங்கே நடந்த அவர்களுடைய புத்தாண்டு விழாவான ஹோபியேவுக்குப் போயிருந்தேன். பறையொலியும் ஆட்டமும் மனத்தை நிறைத்தன. ஆனால் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது குழப்பமே மிஞ்சியது. கேட்ட நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான், அவர்களும் பெரும்பாலும் முதியவர்கள். நிலமும் போய் மொழியும் போய்க்கொண்டிருக்கும்போது இதை எப்படி வெற்றி என்பது? இன்னொன்று, குடும்பத்தோடு அவர்களுடைய ஊர்ப்பக்கம் போக விரும்புகிறேன். எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கணக்கு சரிதான். நிஸ்காக்களுக்குக் கிடைத்தது சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். நாஸ் ஆற்றின் படுகை முழுவதையும் வைத்துப் பார்த்தால் அது சொற்பம். ஆனாலும் ‘வெற்றி’ என்று எழுதியதில் நான் உறுதியாகவே இருக்கிறேன்.

1887இல் அவர்களுடைய தலைவர்கள் கடல்வழியே மாகாணத் தலைநகரான விக்டோரியாவுக்குப் போனார்கள். எங்கள் நிலம் எங்களுடையது என்று ஒப்பந்தம் எழுதுங்கள், எங்களை நாங்களே ஆள விடுங்கள் என்று கேட்டார்கள். மாகாணப் பிரதமர் வில்லியம் ஸ்மித், வெள்ளையர் வந்தபோது நீங்கள் காட்டு விலங்குகளைவிடச் சற்றே மேலாக இருந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பினார். 1913இல் லண்டனுக்கு, அன்று பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சிலுக்கே மனு அனுப்பினார்கள். தீர்ப்பு வரவில்லை. 1927 முதல் 1951 வரை நிலவழக்குக்காகப் பணம் திரட்டுவதே கனடாவில் குற்றம். வக்கீல் வைக்கவும் வழியில்லாத 24 ஆண்டுகள்.

ஃபிராங்க் கால்டர் என்ற பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் சிறுவனாக இருந்தபோது, வளர்த்த தந்தையான தலைவர் அவரை அவையில் எல்லோர் முன்னும் நிறுத்தி, இவன் வெள்ளையரின் மொழியைப் படித்து வந்து அசையாத மலையை அசைப்பான் என்று சொன்னதாக நிஸ்காக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவர் படித்தார், 1949இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார், 1955இல் நிஸ்கா பழங்குடி மன்றத்தை அமைத்தார், பிறகு வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் தோல்வி, மேல்முறையீட்டில் தோல்வி. 1973இல் உச்ச நீதிமன்றத்திலும் சட்டக் கணக்குப்படி தோல்விதான். ஏழு நீதிபதிகளில் ஒருவர் ஒரு நடைமுறைக் குறையை மட்டும் காட்டி வழக்கைத் தள்ளினார். ஆனால் மற்ற ஆறு பேரும், வெள்ளையர் வருவதற்கு முன்பே அங்கே நில உரிமை இருந்தது என்பதை ஒப்புக்கொண்டார்கள். அந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதில்தான் மூவர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். அது போதுமானதாக இருந்தது. அதே ஆண்டில் கனடா அரசு தன் கொள்கையை மாற்றி, நிலக் கோரிக்கைகளைப் பற்றிப் பேச இசைந்தது.

நிலத்தை அவர்கள் எப்படி உரிமை கொண்டாடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிஸ்காக்கள் தாய்வழிச் சமூகம். அண்டங்காக்கை, ஓநாய், கழுகு, ஆர்க்கா திமிங்கிலம் என்று நான்கு குலங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல குடிகள். ஒவ்வொரு குடிக்கும் அதற்கே உரிய பட்டப்பெயர்கள், பாடல்கள், வரலாறுகள், மலைச்சரிவுகள், மீன்துறைகள் உண்டு. தலைவர் ஒருவர் இறந்தால் பெருவிருந்து கூட்டி, அவர் பெயரை அடுத்தவர் ஏற்பார். வந்திருக்கும் பிற குலத்தார் சாட்சிகள். அவர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுத்தாக வேண்டும். நிலம் யாருடையது என்பது அந்த அவையில், அந்த மொழியில்தான் உறுதியாகும். கனடா 1885 முதல் 1951 வரை அந்த விருந்துகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆகவே நிலத்தையும் மொழியையும் நீங்கள் சேர்த்துக் கேட்டது மிகப் பொருத்தம். அவர்களிடமிருந்து அவை சேர்த்துத்தான் பறிக்கப்பட்டன.

ஹோபியேயில் பிறைநிலா வடிவை எங்கும் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரிப் பிறை, மரக்கரண்டி மல்லாந்து கிடப்பதுபோல் தெரிந்தால் அந்த ஆண்டு ஊலிகன் மீன் நிறைய வரும் என்பது நம்பிக்கை. சாண் நீள வெள்ளி மீன் அது. குளிர்காலச் சேமிப்பு தீரும் நேரத்தில், ஆற்றில் பனிக்கட்டி இருக்கும்போதே முகத்துவாரத்துக்குள் ஏறும். கடற்சிங்கம், சீல், கழுகு, கடற்காக்கை எல்லாம் அதன் பின்னால் வரும். பிடித்த மீனை உடனே சமைக்க மாட்டார்கள். பல நாள் குவித்துப் பதமாக விடுவார்கள். பிறகு பெரிய தொட்டியில் வெந்நீரில் போட்டுக் கொதிவராமல் சூடாக்குவார்கள். எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை வழித்தெடுத்து வடிகட்டி வைத்தால், குளிரில் நம் வீட்டு நெய்யைப்போல வெண்மையாக உறைந்துவிடும். இதற்காகக் கரையோர மக்கள் எல்லாம் நாஸுக்கு வந்தார்கள். மலைகளைக் கடந்து உள்நாடு வரை எண்ணெய் சுமந்து போன ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. பசி தீர்க்கும் இந்த மீனில் அந்த ஊர்களின் செல்வமும் அரசியலும் அடங்கியிருந்தன. ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமைக்காக அவர்கள் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்கள் என்பது இதை அறிந்தால் புரியும்.

ஒப்பந்தம் எல்லோருக்கும் உவப்பாக இல்லை என்பதும் உண்மை. நிஸ்காக்களிலேயே ஒரு குடியின் தலைவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். பக்கத்து கிட்டன்யோ மக்கள், எங்கள் நிலமும் இதில் போகிறது என்றார்கள். அவர்கள் குறையை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். வரிவிலக்கையும் நிஸ்காக்கள் படிப்படியாக விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்கள் பெற்றது, தங்கள் சட்டமன்றத்தில் தங்கள் சட்டத்தை இயற்றும் அதிகாரம். 1887இல் கேட்டதும் அதைத்தான்.

அந்த அதிகாரத்தை நமக்குப் பிடித்த காரியங்களுக்கு மட்டும் பயன்படுத்துவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2024இல் நிஸ்கா அரசு ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து எரிவாயுக் குழாய்த் திட்டம் ஒன்றை விலைக்கு வாங்கியது. பள்ளத்தாக்குக்கு வெளியே கடற்கரையில் திரவ எரிவாயு ஆலைத் திட்டம் ஒன்றுக்கும் அது பங்காளி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள். தொல்குடி என்றால் காட்டுக்குக் காவலிருக்க வேண்டும், நாம் வந்து பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது அவர்களைச் சிறுமைப்படுத்துகிறது.

மொழி விஷயத்தில் உங்கள் கவலைதான் எனக்கும். வெற்றி என்ற பேச்சை அங்கே எடுக்க மாட்டேன். அரசும் திருச்சபைகளும் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கினார்கள். பெற்றோரான பிறகு வீட்டில் அதைப் பேசாமல் விட்டார்கள். மனிதரை எண்ண ஒரு வரிசை, தோணிகளை எண்ண ஒரு வரிசை, தட்டையான பொருள்களுக்கு ஒன்று, நீண்டவற்றுக்கு ஒன்று என்று எண்களையே வகைவகையாக வைத்திருக்கும் மொழி அது. வகுப்பில் வாரத்துக்குச் சில மணி நேரம் படித்து அதை வசப்படுத்துவது கடினம். ஆனால் பள்ளத்தாக்கின் பள்ளிகளை 1975 முதல் அவர்களே நடத்துகிறார்கள், இருமொழிக் கல்வியாக. 1993இல் தங்களுக்கென்று ஓர் உயர்கல்வி நிலையமும் தொடங்கினார்கள். முதியவர்களின் குரல்கள் பதிவாகியிருக்கின்றன. வீடுகளில் குழந்தைகள் பேசினால்தான் மொழி பிழைக்கும். அதற்கு இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

நீங்கள் போக வேண்டும். டெரஸ் நகரிலிருந்து வடக்கே போகும் சாலையின் எண் 113. 1887 முதல் 2000 வரை போராடிய ஆண்டுகளை நினைத்து வைத்த எண். வழியில் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் வெளி மைல்கணக்கில் கிடக்கும். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. சுமார் 2,000 பேர் மாண்டதாக நிஸ்கா வாய்மொழி வரலாறு சொல்கிறது. சிறுவர்கள் சால்மன் மீனின் முதுகைக் கீறி எரியும் குச்சிகளைச் செருகி விளையாடியதால் நேர்ந்த அழிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அது மயானமும் கூட. பாதையை விட்டு இறங்காதீர்கள், கல்லோ பாசியோ எடுக்காதீர்கள், உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

லக்ஸ்கால்ட்ஸாப் கிராமத்து அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 11 மீட்டர் உயரமான நினைவுத் தூண் ஒன்று அங்கே இருக்கிறது. 1860களில் செதுக்கியது. 1929இல் மரியஸ் பார்போ என்ற ஆய்வாளர், ஊரார் பருவகால வேலைக்காக வெளியே போயிருந்த நேரத்தில் அதை எடுத்து ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்துக்கு விற்றார். 2022இல் தூணுக்கு உரிய குடியினரும் நிஸ்கா தலைவர்களும் எடின்பரோ போய்த் திருப்பிக் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் ராணுவ விமானத்தில் வந்து சேர்ந்தது. இந்தப் பேச்சுவார்த்தையை நடத்தியது அவர்களுடைய சொந்த அரசு. கோடையில் போவதே நல்லது. பனிக்காலத்தில் அந்தச் சாலை குழந்தைகளோடு போக ஏற்றதல்ல. அருங்காட்சியகம் எந்த நாள்களில் திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அன்புடன்.