கீழ்க் கடைக்கு மதுபான உரிமம் கேட்கிறார்கள்: எதிர்க்க முடியுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள பிளாட்டில் பிள்ளைகளோடு இருக்கிறேன். கடைக்காரர் எங்களவர்தான், கோயிலில் பழக்கம். காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை மதுபானம் விற்க அனுமதி கேட்டிருப்பதாக இப்போது கண்ணாடியில் ஒரு நீலநிற அறிவித்தல் ஒட்டியிருக்கிறார். பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் ஏற்கனவே சிலர் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார்கள். அருகில் ஆரம்பப் பாடசாலை. இதே தெருவில் இரண்டு கடைகளில் மதுபானம் விற்கிறார்கள், மூன்றாவது எதற்கு? தடுக்க முடியுமா? என் பெயர் தெரியாமல் எழுதலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நீல அறிவித்தலில் உள்ள கடைசித் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாட்கள்தான் உங்களுக்கு அவகாசம். அதற்குப் பிறகு எவ்வளவு நியாயமாக எழுதினாலும் கவுன்சில் ஏற்றுக்கொள்ள முடியாது. அந்த நாட்களுக்குள் பொருத்தமான ஆட்சேபம் ஒன்றுகூட வராவிட்டால் கவுன்சில் உரிமத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், மறுக்க அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே ‘வேறு யாராவது எழுதுவார்கள்’ என்று காத்திருக்காதீர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைத் தீர்மானிப்பது 2003 ஆம் ஆண்டின் உரிமச் சட்டம். குடி நல்லதா கெட்டதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. நான்கு விடயங்களை மட்டுமே பார்க்கிறது: குற்றமும் ஒழுங்கீனமும் தடுக்கப்படுமா, பொதுமக்கள் பாதுகாப்பாக இருப்பார்களா, அயலவருக்குத் தொல்லை வராமல் இருக்குமா, பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் இருக்குமா. இந்த நான்கில் ஒன்றையாவது தொடாத கடிதத்துக்குப் பெறுமதி இல்லை.

இதனால் உங்கள் கேள்வியில் இருக்கும் மிக உறுத்தலான வாதம், ‘மூன்றாவது கடை எதற்கு’ என்பது, அப்படியே எழுதினால் எடுபடாது. கடை தேவையா என்பது வியாபாரியின் கவலை என்று அரசாங்க வழிகாட்டல் ஒதுக்கிவிடுகிறது. குடியால் உடல்நலம் கெடும் என்பதும் தனியாக நிற்காது. பொதுச் சுகாதாரம் ஸ்கொட்லாந்தில் ஐந்தாவது நோக்கமாக இருக்கிறது, இங்கே இல்லை. இது சரியென்று நான் நினைக்கவில்லை, ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. பாடசாலையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் விற்கக் கூடாது என்ற கணக்கும் இதில் கிடையாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. கடைகள் நெருங்கிக் குவிந்து பிரச்சினை தரும் இடங்களை ‘ஒட்டுமொத்தத் தாக்கப் பகுதி’ என்று கவுன்சில் அறிவித்திருக்கலாம். கவுன்சிலின் உரிமக் கொள்கை ஆவணத்தில் உங்கள் தெரு அப்படிக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘ஏற்கனவே இரண்டு கடைகள்’ என்ற உங்கள் பேச்சுக்கு உடனே பலம் வந்துவிடும், பிரச்சினையை இன்னும் கூட்டமாட்டேன் என்று காட்டும் சுமை பெரும்பாலும் கடைக்காரரிடம் போகும்.

இல்லாவிட்டாலும் பஸ் தரிப்பிடம் உங்களிடம் இருக்கிறது. ‘இங்கே எப்போதும் குடிகாரர்கள்’ என்று எழுத வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர், என்ன நடந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரமா என்று எழுதுங்கள். பொலிஸின் 101 இலக்கத்தில் முறையிட்டிருந்தால் அந்தக் குறிப்பு எண்ணையும் சேருங்கள். கீழே கிடக்கும் வெற்று டின்களைக் கவனித்துப் பாருங்கள். அவை பெரும்பாலும் தனித்தனியாக வாங்கும் கடும் பியரோ சைடரோ என்றால், அதுதான் கடைக்கும் தரிப்பிடத்துக்கும் உள்ள தொடர்பு. ‘அவர்கள் வேறு கடையில் வாங்கியது’ என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். அந்த வகை மதுவை இந்தக் கடையும் இரவு 11 மணி வரை விற்றால் இங்கே என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் வாதமாக இருக்க வேண்டும். 2008 இல் டானியல் த்வெய்ட்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றம், ஊகத்தை வைத்து அல்ல, ஆதாரத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்று தெளிவாக்கியது. பொலிஸ் ஆட்சேபிக்காத விண்ணப்பங்களில் இதைத்தான் முதலில் உங்கள் முன் வைப்பார்கள்.

பெயர் விடயம். பெயரும் முகவரியும் இல்லாத கடிதம் பொதுவாக ஏற்கப்படாது, அதன் பிரதி கடைக்காரருக்கும் போகும். மிரட்டல் வரும் என்று உண்மையான அச்சம் இருந்தால் விவரத்தை மறைக்கும்படி கேட்கலாம், அது அரிதாகவே கிடைக்கும். உங்கள் வார்டு கவுன்சிலரை உங்கள் சார்பாக எழுதச் சொல்வது நடைமுறையில் சுலபம்.

அதற்கு முன்னால், தயவுசெய்து கீழே இறங்கிப் போய் அவரோடு ஒருதரம் கதையுங்கள். பெரிய சுப்பர் மார்க்கட்டுகளுக்கு நடுவில் சின்னக் கடை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். கடையைக் காப்பாற்றத்தான் அவரும் இதைக் கேட்கிறார். விற்கவே கூடாது என்று நிற்பதைவிட, எப்படி விற்க வேண்டும் என்று நிற்பது உங்களுக்கு அதிகம் பெற்றுத்தரும் என்பது என் கருத்து. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவற்றைக் கேட்பேன்: 6.5 வீதத்துக்கு மேற்பட்ட பியர், சைடர் விற்கக் கூடாது. ஒற்றை டின் விற்கக் கூடாது. காலை 7 க்குப் பதில் 10 மணிக்குத் தொடங்க வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும். வாசலில் கமரா, 31 நாள் பதிவு. இரவில் வெற்றுப் போத்தல்களை வெளித் தொட்டியில் கொட்டக் கூடாது.

அவர் ஒத்துக்கொண்டால் வாய்வார்த்தையோடு நிறுத்த வேண்டாம். அவை கவுன்சிலுக்கு எழுத்தில் போய், உரிமத்தின் நிபந்தனைகளாகச் சேரும் என்று உறுதியான பிறகே உங்கள் ஆட்சேபத்தை மீளப் பெறுங்கள். உரிமத்தில் எழுதாத வாக்குறுதி நாளை கடை கைமாறினால் புதியவரைக் கட்டுப்படுத்தாது.

ஒத்துவராவிட்டால், அவகாசம் முடிந்து 20 வேலை நாட்களுக்குள் கவுன்சிலர்கள் குழு முன் விசாரணை நடக்கும். பொதுவாக மூவர் இருப்பார்கள். நீங்களே பேசலாம், சட்டத்தரணி கட்டாயமில்லை. எழுதிக் கொடுத்ததை விரித்துப் பேசலாம், புதுக் காரணங்கள் கொண்டுவர முடியாது. ஆகவே கடிதத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

தீர்ப்பு பிடிக்காவிட்டால் அறிவித்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம், ஆனால் தோற்றால் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். பலருக்கு அதைவிடப் பயனுள்ளது மீளாய்வு. உரிமம் கிடைத்த பிறகு நிபந்தனைகளை மீறி உண்மையில் தொல்லை வந்தால், எந்த நேரமும் அதைக் கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. நாள், நேரம் எழுதும் உங்கள் குறிப்புப் புத்தகத்தை உரிமம் கிடைத்த பிறகும் நிறுத்தாதீர்கள்.