வாசகர் கேள்வி பதில்: வளைகுடாவுக்கு என்ன கொடுத்து விடலாம்?

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். அடுத்த வாரம் திருவனந்தபுரம் வழியாகப் போகும் உறவினரிடம் மசாலாப் பொடி, கொப்பரை, ஊறுகாய், இருமல் மருந்து கொடுத்து விடலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: கொப்பரையை எடுத்து வைத்துவிடுங்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த காய்ந்த தேங்காய் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானப் பெட்டியில் அனுமதி இல்லை. தேங்காய் எண்ணெயாகத்தான் வேண்டுமென்றால், அது கிடைக்காத மலையாளிக் கடை துபாயில் ஏது!

அதைவிட முக்கியம் கசகசா. அபினிச் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் அதற்குத் தடை, மாட்டினால் வழக்குத்தான். குருமா மசாலாவில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் அதே கதை. வீட்டில் இடித்த பொடியில் அது இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அனுப்புங்கள்.

கோடீன் (அபினி வகை மருந்து) கலந்த இருமல் மருந்தும் டிரமடால் என்ற வலி மாத்திரையும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. முன் அனுமதி பெறாமல், அதுவும் இன்னொருவர் கையில், கொடுக்கவே கூடாது.

ஊறுகாய் போகலாம், ஆனால் கைப்பையில் வேண்டாம். உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது டப்பாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். வாயில் பாலித்தீன் தாள் வைத்து மூடியை இறுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, இரண்டு கவரில் போட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். கறிவேப்பிலையும் கொடுத்து விடுவதானால், ஈரம் போக நிழலில் உலர்த்திச் செய்தித்தாளில் சுற்றுங்கள். ஈரம் இருந்தால் போய்ச் சேருமுன் கறுத்துவிடும்.