நெதர்லாந்தில் ஏசி போடாமல் ஜன்னலுக்கு வெளியே துணி மறைப்பு கட்டுவது ஏன்? அந்த நாட்டின் வசதிக்கு வேர் எது?

முதலில் துணி. ஜூனில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மாலை வெயில் சாய்வாக வந்து பெரிய கண்ணாடி ஜன்னல் வழியே நேராக ஹாலுக்குள் இறங்கும், குளிருக்காகக் கட்டிய வீடு என்பதால் உள்ளே வந்த சூடு லேசில் வெளியே போகாது. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயிலை உள்பக்கத் திரைச்சீலையால் பெரிதாகத் தடுக்க முடியாது. அதனால் வெளியிலேயே மறிக்கிறார்கள். சுவரில் ஓர் உருளை, அதில் கெட்டித் துணி சுருண்டிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பிரிங் வைத்த இரண்டு கம்பிகள் முழங்கை மாதிரி நீண்டு துணியை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். காற்று பலமாக அடித்தால் உடனே சுருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கிழிந்துவிடும். குளிர்காலத்தில் சுருட்டியே வைத்தால் அதே வெயில் ஓசியில் வீட்டைச் சூடாக்கும்.

நான் இருந்த அடுக்குமாடியில் எல்லா ஜன்னலிலும் ஒரே ஆரஞ்சு நிறம். உரிமையாளர் சங்கம் கூடி முடிவு செய்தது அது. வேர் என்று நான் நினைப்பது இந்தக் கூடிப் பேசும் பழக்கத்தைத்தான். வெள்ளத்தைத் தடுக்கும் கரையில் ஒருவர் தன் பங்கைக் கவனிக்காமல் விட்டால் ஊரே மூழ்கும் என்பதால், கரையையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ளும் நீர் வாரியங்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. இன்றும் 21 இருக்கின்றன, தனித் தேர்தல், தனி வரியோடு.

சரி, பணம் எப்படி வந்தது? சதுப்பில் தண்ணீரை வடித்ததும் மண் அமுங்கி, தானியம் சரியாக விளையவில்லை. மாடு வளர்த்து வெண்ணெயும் சீஸும் விற்றார்கள், தானியத்தை பால்டிக் கடற்கரை நாடுகளிலிருந்து வாங்கினார்கள். அதற்குக் கப்பல் வேண்டும். 1590களில் காற்றாலையால் மரம் அறுக்கக் கற்றார்கள், அதே காலத்தில் குறைந்த ஆட்களோடு நிறையச் சரக்கு ஏற்றும் ஃப்ளூட் என்ற கப்பலும் வந்தது. ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் சேர்ந்து பணம் போட்டு, 1612க்குள் பேம்ஸ்டர் ஏரியையே காற்றாலை வைத்து இறைத்து வயலாக்கினார்கள்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையில் துணி வாங்கி இன்றைய இந்தோனேசியாவின் மசாலாத் தீவுகளில் விற்றது. இதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. ஜாதிக்காய் வியாபாரம் தன் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று 1621இல் அங்கேயுள்ள பண்டா தீவுகளின் மக்களில் பெரும்பாலோரைக் கொன்றது, துரத்தியது, அடிமையாக்கியது. அந்த வசதியில் இந்தப் பணமும் இருக்கிறது.