அம்மாவின் நோயைத் தங்கையிடம் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, கோவையில் இருக்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம், கடலோரம். தங்கையும் நானும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு சமயம் நாள்கணக்கில் தூங்காமல் திரிந்தவள், அம்மாவிடம் நான் கொடுத்து வைத்திருந்த நகையை அடகு வைத்துச் செலவழித்தாள். என் மாமியார் வீட்டார் முன்னால் என்னைக் கேவலமாகத் திட்டினாள். பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் எல்லை மீறி எழும்பி, ஒரு சமயம் அடியோடு சோர்ந்துபோகிற நோய் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். போன வருடம் அம்மா தவறிவிட்டார். அவர் பெட்டியை ஒழித்தபோது அப்பாவின் செலவு நோட்டு கிடைத்தது. 1984-ல், தங்கை பிறந்த அடுத்த மாதமே, அம்மாவை, மனநோய் தீர ஜனங்கள் போகிற ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் ஐந்து மாதம் வைத்திருந்திருக்கிறார்கள். 'சங்கிலி, பூட்டு' என்று ஒரு வரி இருக்கிறது. எங்களிடம் மஞ்சள்காமாலை என்றுதான் சொன்னார்கள். 'பிறந்ததுமே அம்மாவைப் படுக்கையில் போட்டவள்' என்று சொல்லிச் சொல்லியே தங்கையை வளர்த்தார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை, ராத்திரியில் கடற்கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நேரில் போய், கடற்கரையில் உட்காரவைத்து, நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாமா? என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. 'சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போகும், நோட்டை எரிச்சிடு' என்கிறார் கணவர்.

பதில்: நோட்டை எரிக்காதீர்கள். முதல் தடவை போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டும் போகாதீர்கள்.

ஒன்பது வருடம் கழித்து வருகிற அக்கா வந்ததும் வராததுமாகக் கணக்கு நோட்டைப் பிரித்தால், தங்கைக்கு அது பஞ்சாயத்தாகத்தான் தெரியும். நோட்டில் இருப்பது உண்மையில் அவளுக்குச் சாதகமான விஷயம். அதைக் காதில் வாங்கிக்கொள்கிற நிலைக்கு அவள் முதலில் வரட்டும்.

இப்போதைக்கு அவசரம் அந்த ராத்திரிக் கடற்கரைதான். காற்று வாங்கப் போகிறாளா, வேறு எண்ணமா என்பது அவளுக்குத்தான் தெரியும், அவளிடமே கேளுங்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, ஒருவர் வாய்விட்டுக் கேட்டாரே என்பதே பலருக்கு ஆறுதல். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவர் இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டெலிமானஸ் என்கிற அரசின் இலவச மனநல உதவி எண் 14416; ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் கோவையிலிருந்து நீங்களே முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் அந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

மாத்திரை விஷயத்தில் 'ஏன் போடலை' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த மாத்திரைகளால் உடம்பு போடும், கை நடுங்கும், தாகம் எடுக்கும், பகலெல்லாம் மந்தமாக இருக்கும். நிறுத்துகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது. அதை அவள் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். அவள் சாப்பிடுவது லித்தியம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடலோர வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, திடீரென்று உப்பைக் குறைத்தாலோ ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். சில வலி மாத்திரைகளும் ஏற்றிவிடும். அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள்.

சரி, நோட்டுக்கு வருவோம். அதை வைத்து உங்கள் அம்மாவுக்கு என்ன நோய் என்று நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் குழந்தை பிறந்த உடனே இப்படி ஒருவர் நிலை மாறியிருந்தால் டாக்டர்கள் முதலில் யோசிப்பது பிரசவத்துக்குப் பிறகு வருகிற கடுமையான மனப்பிறழ்வை (போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ்). ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். பைபோலாரோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. பிறந்த குழந்தையின் ராசிக்கோ நேரத்துக்கோ அதில் எந்தப் பங்கும் இல்லை. நாற்பது வருடமாக உங்கள் தங்கை சுமப்பது அந்தப் பழியைத்தான். அதை இறக்கிவைக்க உங்களால் முடியும், ஏனென்றால் அதைச் சொன்னவர்களில் மிச்சம் இருப்பது நீங்கள். 'நானும் சொன்னேன், அது பொய்' என்று சொல்லுங்கள். 'எல்லாரும்தான் சொன்னாங்க' என்று சேர்க்காதீர்கள்.

சங்கிலி வரியைப் படித்து அப்பா மேல் கோபம் வந்திருக்கும். வரட்டும். அதே சமயம், ஊரே கைகாட்டிய இடத்துக்குத்தான் அவரும் கூட்டிப்போயிருக்கிறார். தர்காவில் நம்பிக்கையோடு தங்கியவர்களுக்கு எந்த மதம் என்ற கணக்கே இல்லை. சுற்றிலும் கொட்டகை போட்டுக் காசு வாங்கிக் கட்டிவைத்தவர்கள் வேறு. 2001 ஆகஸ்ட் 6-ல் அப்படி ஒரு கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியோடு கிடந்த 28 பேர் செத்த பிறகுதான் அரசு விழித்தது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. இதைத் தங்கையிடம் சொல்லும்போது சங்கிலியில் ஆரம்பிக்க வேண்டாம். தனக்கும் அதுதான் கதி என்று அவள் பயந்துவிடக்கூடும். அவள் கொஞ்சம் தேறிய பிறகு, முடிந்தால் அவள் டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பகலில் பேசுங்கள். இடம் கடற்கரையா திண்ணையா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

நகை. நோய் என்று தெரிந்துவிட்டதால் நஷ்டம் இல்லையென்று ஆகிவிடாது. உங்கள் வருத்தம் நியாயமானது. தூக்கமில்லாமல், கை நிறுத்தாமல் செலவழிப்பது அந்த நோயின் அடையாளம் என்பதும் உண்மை. இன்றைக்குச் சோர்ந்து கிடப்பவளிடம் கேட்டால் எந்தப் பழியையும் ஒத்துக்கொள்வாள், எதில் வேண்டுமானாலும் கையெழுத்தும் போடுவாள். அதனால் நகைப் பேச்சும் வீட்டுப் பேச்சும் இந்தப் பயணத்தில் வேண்டாம். நோயைக் காட்டி யாருடைய வாரிசு உரிமையையும் பறிக்க முடியாது என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவே சொல்கிறது. இதைக் கணவர் காதில் போட்டு வைப்பது நல்லது என்று ஏனோ எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக மகள். உண்மையில் இந்த நோட்டு இப்போது மிக அவசியமாகத் தேவைப்படுவது அவளுக்குத்தான். ஒரு பெண்ணின் சொந்த அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ பிரசவத்துக்குப் பிறகு இது வந்திருந்தால் அவளுக்கும் வருகிற வாய்ப்பு கூடும். பாட்டிக்கு வந்தது பேத்திக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஆனாலும் பாட்டி, சித்தி இருவர் விவரமும் பிரசவம் பார்க்கிற டாக்டருக்கு அடுத்த செக்கப்பிலேயே தெரியவேண்டும். நோயாளியின் மனநல விவரத்தை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்பதும் அந்த 2017 சட்டத்தில் இருக்கிறது. குழந்தை தூங்குகிற நேரத்திலும் தாய்க்குத் தூக்கம் வராமல் போவது, பேச்சு தாறுமாறாவது, சம்பந்தமில்லாத சந்தேகங்கள் வருவது ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். சீக்கிரம் பார்த்தால் நன்றாகக் குணமாகும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் குழந்தையையும் பிரிக்காமலே சேர்த்து வைத்துப் பார்க்கிற தனிப்பிரிவு இருக்கிறது.

ராத்திரி பக்கத்தில் இருக்கப்போகிறவர் மாப்பிள்ளை என்றால் அவருக்கும் இது தெரியவேண்டும். சம்பந்தி அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும். அவளிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள், ஊருக்குப் போகும் முன்பே.