பிஸ்கட்டை நிறுத்துங்கள், புல்லைக் கூட்டுங்கள்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருக்கிறோம். மகளுக்காக வாங்கிய முயலுக்கு ஒரு வயது. கேரட், பிஸ்கட், சோறு என்றால் பறக்கிறது. கொஞ்ச நாளாகப் பின்பக்கத்தில் பிசுபிசுவென்று கழிச்சல் ஒட்டியிருக்கிறது. அதையே தின்னவும் செய்கிறது! பூச்சி மருந்து கொடுக்கலாமா?

பதில்: பூச்சி மருந்து இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். காய்ந்த உருண்டை ஒன்று. மெத்தென்று கொத்தாக வருவது இன்னொன்று. குடலில் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்த, பி வைட்டமினும் புரதமும் உள்ள அதை முயல் தின்றே ஆக வேண்டும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் நோய் இல்லை. மாவும் சர்க்கரையும் கூடும்போதுதான் அது இளகி, தின்னாமல் மிஞ்சி, ரோமத்தில் ஒட்டும்.

ஆகவே பிஸ்கட்டும் சோறும் இன்றோடு சரி. கேரட் கிழங்கு எப்போதாவது ஒரு சின்னத் துண்டு போதும். சினிமாவில் வரும் முயல்தான் கேரட்டில் உயிர் வாழும்.

முயலின் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்காவது புல்லாக இருக்க வேண்டும். அதன் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடல் ஓடுவதும் நாரால்தான். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் தழைக்கும். அப்போதே அறுத்து, நிழலில் உலர்த்தி, பூஞ்சணம் பிடிக்காமல் கட்டி வைத்தால் கோடைக்கு ஆகும். நெல் வைக்கோலை விரிக்கலாம், கொறிக்கவும் விடலாம். அதுவே தீனி ஆகாது. மருந்தடித்த வயலின் புல், எருக்கு, அரளி, ஊமத்தை கிட்டே வரக் கூடாது. புதிய கீரை எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

வாசலில் முருங்கை நிற்கிறதே என்று தினமும் ஒடித்துப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முயல் மிஞ்சியதைச் சிறுநீரில்தான் கழிக்கும். நாளடைவில் அது சிறுநீர்ப்பையில் மண்டிபோலத் தங்கிவிடும். கொத்தமல்லி, முள்ளங்கி இலை என்று மாற்றிக் கொடுங்கள். தண்ணீரும் உப்புக் கிணற்றிலிருந்து வேண்டாம், நீங்கள் குடிப்பதையே எப்போதும் வையுங்கள்.

ஒட்டியதை வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். குளிப்பாட்ட வேண்டாம்.

புல்லுக்கு மாறி இரண்டு வாரத்திலும் ஒட்டல் நிற்கவில்லை என்றால் பல்லையும் எடையையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கொழுத்த முயலுக்குப் பின்பக்கம் வாய் எட்டாது. தண்ணீராகப் போனாலோ, அரை நாள் தின்னாமல், புழுக்கையும் போடாமல் சுருண்டிருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.