சின்ன கிளப் கூப்பிடுகிறது, போகலாமா?

கிளாஸ்கோவில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: பதினாறு வயது மகன் கால்பந்தில் நடுக்கள வீரன். பெரிய கிளப்பின் அகாடமி அவனை விடுவித்துவிட்டது. இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் ஒரு கிளப் அழைக்கிறது. அங்கே போனால் முன்னேற முடியுமா, படிப்பு என்ன ஆகும்?

அம்மா, முதலில் லீக் விஷயம். உங்கள் ஊரில் பிறந்த நடுக்கள வீரர் ஜான் மெக்கின் எப்படி மேலே வந்தார் என்று பாருங்கள். 2012-ல் செயின்ட் மிர்ரன் அணியில் அறிமுகமானார். 2015-ல் அந்த அணி கீழ் லீக்குக்கு இறங்க, அவர் ஹைபர்னியனுக்குப் போனார். அதுவும் அப்போது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்தபோதே, 2016 மார்ச்சில் ஸ்காட்லாந்து அணியில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம், 1902-க்குப் பிறகு முதல்முறையாக ஹைபர்னியன் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. 2018-ல் கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான செல்டிக் அவரை வாங்கப் பார்த்தும் நடக்கவில்லை. இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். மறுபடியும் இரண்டாம் நிலை லீக்! 2019 மே மாதம் வெம்பிளியில் டார்பி கவுண்டி அணியை வென்று வில்லா மேலே ஏறியபோது அவரும் ஒரு கோல் அடித்தார். பிரீமியர் லீக்கில் முதன்முதலாக ஆடும்போது வயது 24. பிறகு அதே வில்லாவுக்கு கேப்டன்.

அந்தக் கீழ் லீக் ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது வாராவாரம் ஆட்டம். பந்தை எப்போது வைத்திருப்பது, எப்போது விடுவது என்பதெல்லாம் நடுக்கள வீரனுக்கு பெஞ்சில் உட்கார்ந்து வராது. அதனால் கிளப்பிடம் கேளுங்கள்: கடந்த இரண்டு சீசன்களில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் எத்தனை பேர் முதல் அணியில் ஆடினார்கள்? மழுப்பினால் யோசியுங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. மெக்கினின் அண்ணன்கள் இருவருமே தொழில்முறை வீரர்கள். தாத்தா செல்டிக் கிளப்பின் நிர்வாகத் தலைவராக இருந்தவர். ஒப்பந்தம் பற்றி வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால், கையெழுத்துக்கு முன் வீரர்கள் சங்கமான பி.எஃப்.ஏ. ஸ்காட்லாந்திடம் விசாரியுங்கள்.

அப்புறம் படிப்பு. மான்செஸ்டர் யுனைடெட்டின் டேரன் ஃப்ளெட்சருக்குப் பெருங்குடல் நோய் வந்து 2011 டிசம்பரில் ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தபோது வயது 27. அவர் மீண்டு வந்தார், 2021-ல் அதே கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநரும் ஆனார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. பதினாறில் பள்ளியை விட சட்டம் இடம் தருகிறது என்பதற்காக விட வேண்டாம். பல்கலைக்கழகம் சேரத் தேவையான ஹையர்ஸ் தேர்வுப் பாடங்களை உயர்நிலைப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளுக்குப் பிரித்து எடுக்கலாம். ஆனால் மருத்துவம் போன்ற சில படிப்புகளுக்கு ஒரே ஆண்டில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்ப்பதுண்டு. மகனுக்கு அப்படி ஏதாவது எண்ணம் இருந்தால், பயிற்சி நேரத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பள்ளியில் பேசிவிடுங்கள்.